கீரையைப் பிழிந்த கை

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவேன். இதை எழுத உட்காருவதற்கு முன் வீட்டில் இருக்கிற எல்லாப் பாத்திரத்தையும் கழுவிவிட்டேன், சுத்தமாக இருந்ததையும் சேர்த்து. இன்னும் அடங்கவில்லை. அதனால் என் நாத்தனாரைப் பற்றி எழுதுகிறேன்.

நாத்தனார் என்றதும் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். இரண்டு பேருக்கும் ஆகாது, குத்திக்காட்டத்தான் பேனா எடுத்திருக்கிறாள் என்று. அப்படி இல்லை. அவர் என் புருஷனின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இந்த வீட்டில் எனக்கு ஆகாத ஆள் என் புருஷன்தான்.

அண்ணிக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாண வாழ்க்கை மூன்று வருஷத்தில் முடிந்தது. கேட்டால் "அத விடு, வேற பேசு" என்பார். அதற்குப் பிறகு ஜப்பான் பொறியாளர்கள் தங்கிய ஒரு விடுதியின் சமையலறையில் பதினொரு வருஷம் வேலை. பாத்திரம் தேய்க்கச் சேர்ந்து, காய் நறுக்கி, கடைசியில் அங்கிருந்த ஜப்பான் சமையல்காரருக்கு அடுத்த ஆளாக நின்றவர். அந்த மனிதர் சரியான சிடுமூஞ்சியாம். வேகவைத்த கீரையில் அரைத்த எள்ளைக் கலந்து அண்ணி செய்த எள்ளுக்கீரையை நான்கு முறை தட்டோடு குப்பையில் கொட்டியிருக்கிறார். என்ன தப்பு என்று வாயைத் திறந்து சொல்லவே மாட்டாராம். ஐந்தாம் முறை ஒரு வாய் எடுத்தார், ஒன்றும் சொல்லாமல் தட்டைக் காலி செய்தார். இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணியின் முகத்தில் ஒரு மிடுக்கு வரும்.

விடுதியை மூடியதும் இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறு வருஷம் ஆகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தை ஒட்டிய சின்ன அறை அவருடையது. சமையலறையும் அவருடையதுதான். நான் அதை விட்டுக்கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், எனக்கு விட்டது தொல்லை.

என் புருஷன் அச்சு இயந்திரம் விற்கும் கம்பெனியில் விற்பனையாளர். அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அக்கா செய்த எள்ளுக்கீரையைத் தின்றுகொண்டே போனில் நாலு வார்த்தை பேசி இணையத்தில் போட்டார். ஊர் உலகமெல்லாம் பார்த்துத் தொலைத்தது. அன்றிலிருந்து அவர் ‘செஃப் சார்’. ஏப்ரன் வந்தது, விளக்கு வந்தது, கேமரா வந்தது. கேமராவைப் பிடிப்பதும், எடுத்ததை வெட்டி ஒட்டுவதும் என் தலையில் விழுந்தது.

வேலை நடக்கும் விதம் இது. அண்ணி கீரையை வேரோடு கழுவுவார். கொத்தாகப் பிடித்து, தண்டு மட்டும் கொதிநீரில் மூழ்க முப்பது எண்ணுவார், பிறகு இலையையும் இறக்குவார். பச்சை பளிச்சென்று வந்ததும் ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, பிழிவார். எள்ளை வறுத்து, உள்ளே கோடு கோடாகக் கீறிய மண்சட்டியில் போட்டு, மரக்கட்டையால் அரையும் குறையுமாக அரைப்பார். சர்க்கரை, சோயா சாஸ். இவ்வளவும் முடிந்த பிறகு என் வீட்டுத் துரை வருவார். இரண்டையும் கலந்து, தட்டில் கோபுரம் மாதிரி நிறுத்தி, "இது ரொம்ப சிம்பிள் மக்களே" என்பார். அந்த ‘மக்களே’யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பார்க்கிறவர்கள் எழுதுவார்கள்: செஃப் சார், நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன், கொஞ்ச நேரத்தில் தட்டெல்லாம் தண்ணீர். இவர் வாய் கூசாமல் பதில் போடுவார், கீரை புதிதாக இல்லை என்று. வீட்டில் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கிரீடம் இறங்கிவிடும்.

போன மாதம் ஒரு பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. செஃப் சாரின் சமையல் புத்தகமாக வர வேண்டுமாம். அட்டையில் அவர் படம், அவர் பெயர். முதல் பக்கத்திலேயே எள்ளுக்கீரை. அதற்குப் பொறுப்பான பெண் கறாரானவர். புத்தகத்தில் வரும் ஒவ்வொன்றையும் தன் வீட்டில் செய்து பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவார். எள்ளுக்கீரையை மூன்று முறை செய்திருக்கிறார், மூன்று முறையும் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்றார்.

அக்காவின் பெயர் எங்கே என்று என் புருஷனிடம் கேட்டேன்.

"கடைசிப் பக்கத்துல நன்றின்னு போடுவோம்ல, அதுல போட்டா போச்சு."

"நன்றியா? செஞ்சதே அவங்கங்க."

"அக்காவே ஒண்ணும் கேக்கல. உனக்கு என்ன வந்துச்சு?"

சனிக்கிழமை மத்தியானம் துணி மடிக்கும்போது அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை புத்தகம் என்ற ஒன்று வருவதே அவருக்குத் தெரியாது. ஒரு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"என் பேரு அட்டையில வராதா?"

"நன்றின்னு கடைசில வருமாம் அண்ணி."

"அந்த மனுஷன் நாலு தட்டக் குப்பையில கொட்டுனாரு. அப்பக்கூட எனக்கு இப்படி இல்லம்மா." அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான், அவர் கையால் வந்ததற்கு அவர் பெயர். அதைக்கூடக் கொடுக்க மனம் வராத தம்பியை நினைத்துக்கொண்டே அன்று எல்லாப் பாத்திரத்தையும் கழுவித் தள்ளினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அண்ணி வாளியில் துணி ஊற வைத்தார். கீரை மேடையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது.

"அக்கா, கீரை?" என்றார் என் புருஷன்.

"நீதானே செய்யிற. செய்யி."

"வெளையாடாதக்கா. பத்து மணிக்கு வந்துருவாங்க."

"வரட்டும். மூணு வருஷமா சிம்பிள்னுதானே சொல்ற."

பதிப்பகத்துப் பெண் பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். நோட்டு, பேனா, கைக்கடிகாரத்தில் வினாடி பார்க்கிற ஆள். கழுவுவதிலிருந்து பார்க்க வேண்டும் என்றார். துரைக்கு வியர்த்தது. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, வேகவைப்பது வரை ஓரளவு ஒப்பேற்றினார். ஐஸ் தண்ணீரிலும் போட்டார். கையால் அழுத்திப் பிழிந்தார். எள்ளை வறுத்து, பாதியைத் தரைக்குத் தானம் செய்து, மீதியை அரைத்துக் கலந்தார். கோபுரம் நிமிர்ந்து நின்றது. எனக்கே ஒரு நொடி பயம், எங்கே நன்றாக வந்துவிடுமோ என்று.

அந்தப் பெண் எதையோ எழுதி முடிப்பதற்குள் கோபுரத்தின் அடியில் பழுப்பாக ஒரு வளையம் ஊறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தட்டின் விளிம்புக்கு வந்தது. எள்ளெல்லாம் மிதந்தது.

"எனக்கும் இப்படியேதான் சார் வந்துச்சு" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

"கீரை சரியில்ல மேடம். நேத்து வாங்குனது."

நான் அடக்கிக்கொண்டிருந்ததெல்லாம் அப்போது உடைந்தது. உள்ளே போய் என் கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். "கீரை சரியாத்தான் இருக்கு மேடம். செய்யிற ஆளு இவரு இல்ல. இதப் பாருங்க" என்று, வெட்டாமல் வைத்திருந்த பழைய படப்பிடிப்பு ஒன்றை ஓடவிட்டேன். துவைத்துக்கொண்டிருந்த அண்ணியையும் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் இது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரையில் அண்ணி தொட்டியடியில் நிற்கிறார். பழைய நைட்டி, தோளில் ஈரத்துண்டு. பிழிந்த கீரையைத் தண்டும் நுனியுமாக நேராக அடுக்குகிறார். பிறகு நேரே கேமராவைப் பார்த்துப் பேசுகிறார், வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிதானமாக.

"முதல்ல பிழிஞ்சது மேல இருந்த தண்ணி. இப்ப ஒரு ஸ்பூன் சோயா சாஸ் தெளிக்கணும். ரெண்டு நிமிஷம் விட்டா, உள்ள இருக்கிற தண்ணி வெளிய வரும். அப்ப மறுபடியும் பிழியணும். ரெண்டாவது தடவ பிழியலன்னா தட்டெல்லாம் தண்ணியாயிடும். அந்தாளு இதத்தான் எனக்குச் சொல்லவே இல்ல, நானாக் கண்டுபிடிச்சேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அப்படி அவர் சிரித்து நான் வீட்டில் பார்த்ததில்லை.

பதிப்பகத்துப் பெண் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "ரெண்டாவது தடவயா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த படப்பிடிப்பைப் போடச் சொன்னார். அதிலும் அண்ணி பேசினார். அதற்கடுத்ததிலும்.

"பாத்தீங்களா?" என்றேன் என் புருஷனிடம். "ஒரு மனுஷிய மூணு வருஷம் மறைச்சு வெச்சிருக்கீங்க."

அவர் அசடு வழிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் நிஜமாகவே குழப்பம். "அக்கா கேமராவப் பாத்துப் பேசுச்சா? எனக்குத் தெரியாதே. நான் வெட்டச் சொல்லலையே."

சொல்லவில்லைதான். யாருமே சொல்லவில்லை. தண்ணீர் சொட்டுவது பார்க்க நன்றாக இல்லை, நைட்டி நன்றாக இல்லை, ஒரு ஆம்பிளை சமைக்கிறார் என்றால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். இதெல்லாம் நானே நினைத்து, நானே வெட்டினேன். நாற்பது, ஐம்பது தடவை இருக்கும். வெட்டிவிட்டுப் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன்.

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். கையிலிருந்து சோப்புத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பிதான் வேண்டாம்னு சொல்லியிருப்பான்னு இத்தன நாளா நெனச்சேன். தம்பிதானே, போகட்டும்னு விட்டேன்." குரல் உயரவே இல்லை. "நீ பாத்துக்கிட்டே இருந்திருக்க. நான் பேசுறத ஒவ்வொரு தடவயும் கேட்டுட்டு, அப்புறம் வெட்டியிருக்க."

"அண்ணி, நான் உங்களுக்காகத்தான் இப்ப..."

"இப்ப."

நான் கணினியை மூடினேன்.

பதிப்பகத்துப் பெண் எழுந்து அண்ணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அம்மா, நீங்க செய்யிறத ஒரு தடவ முழுசாப் பாக்கணும். அட்டையில உங்க பேரு இல்லாம இந்தப் புத்தகத்த நான் அனுப்ப மாட்டேன். இங்கயே, இப்பவே படம் எடுத்துக்கலாமா?"

அண்ணி உட்காரவில்லை. முந்தானை முனையில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார், மீதியிருந்த கீரைக்கட்டைப் பிரித்தார். நான் ஓடிப்போய்க் கேமராவை எடுத்தேன். விளக்கைப் போட்டேன். இந்த முறை ஒரு நொடிகூட வெட்டக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே நின்றேன்.

அவர் என் பக்கம் திரும்பாமல் அந்தப் பெண்ணிடம் சொன்னார். "கேமராவ நீங்க பிடிங்கம்மா. அவ எடுக்க வேண்டாம்."

கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டினேன். பிறகு கூடத்துக்கு வந்தேன். சோபாவில் என் புருஷன் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.