லிஃப்ட் மெக்கானிக் தோற்ற பந்தயம்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. மூடிய கதவில் காதை வைத்துக் கேட்டு, "நாலாவது மாடி ரோலர் தேஞ்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அதேதான். அந்தப் பெருமையை அவர் வேலை செய்யும் இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

ஹாலில் ஜன்னலோரம் அவருடைய சி.டி. பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் இருந்தன. வெளிச்சம் நன்றாக விழும் இடம் வீட்டில் அது ஒன்றுதான். துணி தைத்துக் கொடுக்கும் அவர் மனைவிக்குத் தையல் மிஷினை அங்கே போட வேண்டும். மகள் அவருடைய முந்நூறு சி.டி.யையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தும் விட்டாள்.

"ரெண்டும் ஒரே சத்தம்தான்ப்பா. பிளேயரை உள்ள வச்சிடலாம்."

"ஒரே சத்தமா? கம்ப்யூட்டர்ல வர்றது ஆறிப்போன வெந்நீரும்மா. ருசியே இல்ல."

சாப்பிட வந்திருந்த மச்சினனுக்கு வம்பு என்றால் ஒரு கை சோறு கூடுதலாக இறங்கும். "மாமா, சுவரைப் பார்த்து உக்காருங்க. அஞ்சு பாட்டை ரெண்டுலயும் மாத்தி மாத்திப் போடுறோம், எது எதுல வருதுன்னு சொல்லுங்க. அஞ்சும் சரியாச் சொன்னா பிளேயர் இங்கேயே இருக்கட்டும். தப்பினா அக்காவோட மிஷின்."

அஞ்சும் சரியாகச் சொன்னார். மச்சினன் கைதட்டினான். மனைவி மட்டும் விடவில்லை.

"ஏங்க, மூணாவதா பாடினது ஆம்பளையா, பொம்பளையா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "பாட்டை யாரு கவனிச்சா? சி.டி. சுத்தும்போது உள்ள மோட்டார் 'கிர்ர்'னு முனகும். அதை வச்சுத்தான் சொன்னேன்."

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஊர்ல உள்ள லிஃப்ட்டையெல்லாம் சரி பண்றீங்க, வீட்டு பிளேயர் முனகுதா மாமா? வெளியில சொல்லிடாதீங்க, வேலை போயிடும்!"

அது சுருக்கென்று தைத்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து பிளேயரைத் திறந்தார். தூசியைத் துடைத்து, ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெய் எடுத்தார். அப்போதுதான் உறைத்தது: முனகல் நின்றுவிட்டால் இவர்கள் மறுபடியும் பந்தயம் வைப்பார்கள். கை அப்படியே நின்றது. ஆனால் முனகுகிற மிஷினைத் தெரிந்தே மூடி வைக்க அவருக்கு மனசு வரவில்லை. எண்ணெயை விட்டார்.

அவர் பயந்தது போலவே, "இப்போ சொல்லுங்க" என்றாள் மனைவி.

மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இந்த முறை பாட்டைத் தவிர எதுவும் கேட்கவில்லை. அஞ்சில் ரெண்டுதான் சரி, அதுவும் குருட்டாம்போக்கில்.

தையல் மிஷினின் ஒரு பக்கத்தை அவரே பிடித்து ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டார். பிளேயரைப் படுக்கையறை பீரோ மேல் வைத்து, ஒரு சி.டி.யைப் போட்டுக் காதை ஒட்டிக் கேட்டார். மோட்டார் சுற்றுவதே தெரியவில்லை.

"சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம்" என்றார், ஹாலுக்குக் கேட்கும்படி.