கைராசிக்காரியும் சக்கர் மீனும்

அலங்கார மீன் கடையின் பின்னறையில் நாற்பத்திரண்டு தொட்டிகள். பதினோரு வருஷமாக அவற்றைக் கழுவி வருபவள் மூத்தவள். முன்பக்கம் வலையோடு நின்று மீன் பிடித்துக் கொடுப்பவள் அவளுடைய ஓரகத்தி, இளையவள். வேலைக்கு வந்து இரண்டே வருஷம். அதற்குள் கைராசிக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள். அவள் பிடித்துக் கொடுக்கும் மீன் சாகாதாம்.

எப்படிச் சாகும்? குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, மருந்து வாடை போன பிறகு ஊற்றுவது யார்? நோய் கண்ட மீனைப் பிரித்து வைப்பது யார்? கையெல்லாம் பாசி நாற, நகம் வெளுத்து நிற்பவளுக்கு ராசி இல்லை. வலையை நீட்டியவளுக்கு இருக்கிறதாம்! இளையவளின் ஈரம்படாத விரல்களைப் பார்த்தாலே மூத்தவளுக்கு வயிறு எரியும். இருவரில் ஒருத்தியைப் புதுக் கிளைக்குப் பொறுப்பாக அனுப்பப்போவதாக முதலாளி சொன்னதிலிருந்து சோறும் இறங்கவில்லை.

கடையில் சக்கர் மீன் நிறைய விற்கும்; உறிஞ்சும் வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் மீன். தொட்டியின் அடியில் தரையோடு தரையாகக் கிடக்கும். முதுகெல்லாம் எலும்புத் தகடு.

"இது தொட்டி கழுவுற மீன். அழுக்கைத் தின்னே வளரும், தீனியே வேண்டாம்" என்று சொல்லித்தான் இளையவள் விற்பாள். தப்பு என்று மூத்தவளுக்குத் தெரியும். பின்னறையில் தினமும் அதற்கு வெள்ளரித் துண்டு போடுபவள் அவள்தானே. ஆனாலும் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு நாள் டீச்சர் ஒருத்தி சக்கர் மீன் கிடந்த தண்ணீர்ப் பையோடு வந்தாள். "வாங்கிட்டுப் போய் ஒரு மாசம்தான் ஆச்சு. இப்ப அசையவே மாட்டேங்குது."

முதலாளி பின்னறையைப் பார்த்துக் கத்தினார். "நோய் மீனையா வளத்து வெச்சிருக்கே?"

பிழைத்தால் முன்பக்கத்து ராசி, படுத்தால் பின்னறைக் குற்றம்! மூத்தவள் வந்து மீனைக் கையில் எடுத்துப் புரட்டினாள். கவசமில்லாத வயிறு உள்ளே ஒட்டிக் கிடந்தது.

"நோயில்ல சார், பட்டினி. மேலேருந்து பாத்தா தெரியாது. கழுவுற சாதின்னா பசிக்காதா?"

சொன்னவளுக்கே சுருக்கென்றது. அந்தப் பட்டினியில் அவள் மூடிய வாய்க்கும் பங்கு இருந்தது.

டீச்சர் தலையாட்டினாள். "சரி, வேற ஒண்ணு கொடுங்க. அந்தக் கைராசிக்காரம்மாவே பிடிக்கட்டும்."

அவள் போனதும் முதலாளி முடிவைச் சொன்னார். "கிளைக்குச் சின்னவளே போகட்டும். நீ போயிட்டா இங்க யாரும்மா கழுவுறது?"

இளையவள் வலையைக் கீழே வைத்தாள். "வேண்டாம் சார். நான் போனா ஒரே வாரத்துல அங்க மீன் அத்தனையும் செத்து மிதக்கும். அக்கா போகட்டும். இங்க நான் அக்காகிட்டக் கேட்டுக் கழுவுறேன்."

"கிளைக்குக் கைராசி வேணுமேம்மா?"

"கையை நாள் முழுக்கத் தண்ணியில வெச்சா தானா வந்துரும் சார்" என்றாள் மூத்தவள்.

முதலாளி சிரித்துவிட்டார். கிளைச் சாவி மூத்தவள் கைக்கு வந்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் அன்று முழுக்கக் கடையில் ஒரே பேச்சு: "சின்னவளுக்கு என்ன பெரிய மனசு!"

அந்தப் பெருமையும் அவளுக்கே போய்விட்டதே! மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தேய்க்கும் பிரஷை இளையவள் கையில் திணித்தாள்.

"வெள்ளரியை மெல்லிசா நறுக்கணும். பசியோட விட்டே, வந்து கேப்பேன்."