எட்டு நகமுள்ள சேவல்

அன்றைக்கு எங்கள் பால்வாடியில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: பிள்ளைகள் ஒன்பது, ஆயாவாகிய நான், மகன் அழுவானே என்று போகாமல் உட்கார்ந்துவிட்ட ஒரு தாய், ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிய செவலைச் சேவல் ஒன்று. பதினோரு மணிக்கு மேல், பால்வாடிகளை மேற்பார்வை பார்க்கிற மேடமும் வந்தார். அவர் வருவதாகச் சொல்லியிருந்தது மறுநாள்.

டீச்சர் ஆபரேஷன் செய்துகொண்டு விடுப்பில் இருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சோறாக்குவதும் கூட்டிப் பெருக்குவதும் பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுவதும்தான் என் வேலை. முந்தின வாரம் வந்த மேடம், "பாடம் நடத்த ஆளில்லன்னா டீச்சர் வர்ற வரைக்கும் இதப் பூட்டிரலாம்மா. புள்ளைகள ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சென்டர்ல சேத்துரலாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. சாதாரணமாகச் சொன்னார்.

ரிங் ரோட்டில் லாரி எப்படிப் போகும் என்று அவனியாபுரத்துக்காரர்களுக்குத் தெரியும். எந்தத் தாயும் அனுப்ப மாட்டாள். பாதிப் பிள்ளைகள் அப்பன் வேலை பார்க்கிற பட்டறையில் வெல்டிங் பொறிக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கும். அது கண்ணுக்குள்ளேயே நின்றது. "நான் நடத்துறேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப பறவையோட உறுப்பு நடத்துங்க. வெள்ளிக்கிழமை வந்து புள்ளைகளக் கேக்குறேன்" என்றார்.

சுவரில் இருந்த பறவைப் படம் கூரை ஒழுகி ஊறிப்போய்க் கிடந்தது. பறவைக்குத் தலையே இல்லை. நான் வரைந்தால் கத்திரிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி வரும். கறிக்கடையில் ஒரு பிராய்லர் கோழி கேட்கலாமென்றால், அது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது. பிள்ளைகளுக்கும் குழம்பு ஞாபகம்தான் வரும். எதிர்வீட்டு மதினியிடம் போய் அவள் வளர்க்கிற செவலைச் சேவலைக் கேட்டேன்.

"ஏத்தா, அது சாமிக்கு நேந்து விட்டதுன்னு தெரியாதா? சிவராத்திரிக்குக் கோயிலுக்குக் கொண்டு போகணும். ஒரு குறை இருந்தாலும் வெட்ட மாட்டாக."

"தெரியும் மதினி. ரெண்டு மணி நேரம்தான். பத்திரமாக் கொண்டாந்துருவேன்."

"நீ பத்திரமா இருப்ப. ஒம்பது வாலுகளும் இருக்குமா?" என்றாள். ஆனாலும் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலையில் பிள்ளைகளை மூன்று முழம் தள்ளி உட்கார வைத்தேன். யாரும் தொடக்கூடாது என்று நாலு தடவை சொன்னேன். நேரமாகிவிடுமே என்று குக்கரையும் அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினேன்.

"இது என்ன?"

"மூக்கு!"

"அலகு. சொல்லுங்க, அலகு."

"அப்ப வாய் எங்க ஆயா?"

"அதுவும் இதேதான்."

கொண்டை, தாடி, இறக்கை, வால் என்று வரிசையாகப் போனோம். காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த முள்ளைக் காட்டினேன். விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினோம். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. இரண்டு காலுக்கும் சேர்த்து நகம் எட்டு.

இரட்டைச் சடை போட்ட ஒருத்தி எழுந்தாள். "ஆயா, சேவலுக்குக் காது எங்க இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை கோழிகளை அறுத்துக் கழுவியிருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. 'நாளைக்குச் சொல்றேன்' என்று தப்பிக்கலாம். தப்பித்தால் மேடம் சொன்னது சரியென்று ஆகிவிடும். சேவலை மடியில் அணைத்துக்கொண்டு கண்ணுக்குப் பின்னால் இருந்த சின்ன இறகுகளை விரலால் ஒதுக்கினேன். உள்ளே ஒரு ஓட்டை. "இந்தா இருக்கு பாரு!" என்று கத்தியது நானா பிள்ளைகளா என்று தெரியவில்லை. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சேவலைக் கீழே இறக்கி விட்டேன். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது.

சேவல் ஜன்னல் உயரத்துக்கு எகிறியது. கயிறு விரலில் சுருக்குப் போட்டு இழுத்தது. கீழே விழுந்தபோது இடது காலின் நடுவிரலில் நகம் இல்லை, ரத்தம். அத்தனை எச்சரிக்கையும் பிள்ளைகளுக்குத்தான் சொன்னேன்; குக்கரை ஏற்றியவள் நான்தான். அந்தத் தாய் ஓடிப்போய் மஞ்சள் தூள் எடுத்து வந்தாள். நான் அதை வைத்து அமுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் மேடம்.

"என்னம்மா, ஒரே ரத்தமா இருக்கு?"

மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இது என்ன?" "அலகு." "இது?" "தாடி." அவர் கேட்காமலேயே இரட்டைச் சடை, "காது இங்க இருக்கு, இறகுக்குள்ள" என்றாள்.

"அப்படியா? நகம் எத்தன?"

"எட்டு" என்றான் கடைசியில் இருந்தவன். சேவலின் காலை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்ல, இப்ப ஏழு" என்றான்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதிவேட்டை எடுத்துப் பாடம் நடந்தது என்று எழுதினார். "டீச்சர் வர்ற வரைக்கும் நீங்களே பாருங்க. ஆனா கோழி, ஆடுன்னு இனிமே எதையும் உள்ள கட்டாதீங்க."

பூட்ட மாட்டார்கள். அந்தச் சந்தோஷம் எதிர்வீட்டு வாசல் வரைக்கும்தான் தாங்கியது. இருட்டியதும் கூட்டுக்குள் விட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிடலாமா என்று நினைக்காமல் இல்லை. ஆனால் சாமி காரியம். கதவைத் தட்டினேன்.

மதினி காலைத் தூக்கிப் பார்த்தாள், கீழே விட்டாள். "போச்சா? மக பிரசவத்துக்கு நேந்தது. அவ நல்லபடியாப் பெத்துட்டா, நான் சாமிக்குக் கடன்காரி ஆயிட்டேன்."

"வேற சேவல் வாங்கித் தாரேன் மதினி."

"இதே நிறத்துல, இம்புட்டு எடையில வேணும். இத நீயே வச்சுக்க, ஆனா வெட்டிக் குழம்பு வச்சுறாத."

வாடிப்பட்டிச் சந்தையில் அவளே பார்த்து ஆயிரத்து நானூறுக்கு வாங்கினாள். ஏழு நகச் சேவல் என் வீட்டில்தான் நிற்கிறது. பால்வாடிக்குப் போகிற வழியில் பிள்ளைகள் நின்று அதன் காதை இன்னும் தேடுகிறார்கள். சம்பளம் வந்ததும் மதினிக்கு ஐந்நூறு கொடுத்தேன், அடுத்த மாதம் மறுபடி ஐந்நூறு. பாக்கி நானூறு ரூபாய்.