வேற்றுக் கிரகத்துக் கயிறு

காதலர்கள் கைகோத்துப் பேசும் நான்கு பக்கங்களை இரண்டு விரலால் தள்ளிவிட்டு, பள்ளத்திலிருந்து பாறையைத் தூக்கும் கட்டம் வந்ததும் காதில் செருகிய பென்சிலை எடுக்கிறார் லிஃப்ட்காரர். பாறையின் எடை, அந்தக் கிரகத்தின் ஈர்ப்பு, கயிற்றின் தடிமன் மூன்றையும் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துக் கணக்குப் போடுகிறார். விடை வந்ததும் உதட்டைப் பிதுக்குகிறார். நூலகத்தில் எதிர் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்காரும் எனக்கு அந்தப் பிதுக்கல் அத்துப்படி. எழுத்தாளர் வசமாக மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. அது நடுவழியில் மக்கர் செய்தால், உள்ளே சிக்கியவர்களுக்குக் கதவருகே நின்று ஆறுதல் சொல்வார். "பயப்படாதீங்க. ஒரு ரோப்பே தாங்கும், ஆறு போட்டிருக்கோம்." இப்படிப்பட்ட மனிதர், வேற்றுக் கிரகத்தார் ஒற்றைக் கயிற்றை நம்பிப் பாறை தூக்குவதைப் படித்தால் சும்மா இருப்பாரா?

படிப்பதெல்லாம் பழைய அறிவியல் நாவல்கள். மனிதன் நிலாவில் கால் வைக்கும் முன்பே எழுதியவை. அவற்றில் வெள்ளிக் கிரகம் காடும் சேறும் மழையுமாக இருக்கும். அங்கே ஈயமே உருகும் என்று இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுமே என்று ஒருமுறை வம்புக்கு இழுத்தேன். அவர் அசரவில்லை. "அன்னைக்குத் தெரியாதது தப்பே இல்ல சார். கையில இருக்கிற கணக்கைப் போடாம விட்டா, அதுதான் தப்பு."

எந்தக் கிரகத்தைப் படிக்கிறாரோ அந்த வாரம் முழுக்க அங்கேதான் குடித்தனம். இரட்டை ஈர்ப்புள்ள கிரகம் என்றால் நாற்காலியிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்திருப்பார். அரிசி மூட்டையைத் தூக்கச் சொன்ன மனைவியிடம், தன் எடையே இப்போது நூற்றைம்பது கிலோ என்று சாக்குச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்போ சாப்பாட்டையும் அங்கேயே முடிச்சுட்டு வந்துடுங்க" என்றாராம். மூட்டை அடுத்த நிமிடமே சமையலறைக்குப் போய்விட்டது.

வினை ஒரு வாசகர் உருவத்தில் வந்தது. பாறை தூக்கும் நாவலை எடுத்துப் போனவர் நூலகரிடம் புகார் செய்தார். 'கயிறு அறுந்துவிடும்' என்று ஓரத்தில் எழுதியிருந்ததை நம்பிக் கடைசிப் பக்கம்வரை நெஞ்சு படபடக்கக் காத்திருந்தாராம். கயிறு அறுந்துபோகவே இல்லையாம். நூலகர் அலமாரியைக் குடைந்தார். பத்தொன்பது புத்தகங்களில் பென்சில் கணக்கு. சனிக்கிழமை மாலைக்குள் அத்தனையும் அழிய வேண்டும், இனி ஒரு கோடு விழுந்தாலும் உறுப்பினர் அட்டை ரத்து என்று சொல்லிவிட்டார். வேறெங்கும் கிடைக்காத புத்தகங்கள். லிஃப்ட்காரர் முகம் சுண்டிப் போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் ரப்பரும் கையுமாக உட்கார்ந்தார். பதினெட்டுப் புத்தகங்கள் சுத்தமாயின. நூலகர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து அடுக்கினார். கடைசியாக அந்தக் கயிற்று நாவல். தன் கணக்கை அழிக்கும் முன் ஒருமுறை ஆசையாகப் படித்தவர், சட்டென்று நிறுத்தினார். பத்துப் பக்கம் பின்னால் போனார். விரல் விட்டு எண்ணினார்.

"மூணு மணி நேரத்துக்கு ஒரு சுத்து சுத்துது சார் இந்தக் கிரகம்" என்றார் என்னிடம், குரல் இறங்கி. "அந்த வேகத்துக்கு நடுக்கோட்டுல எடை கால்வாசிக்கு மேல குறைஞ்சுடும். நம்ம பூமியில அது ஒரு பொருட்டே இல்ல, அதனால நான் என்னைக்குமே கணக்குல சேர்க்கிறதில்ல. பாறையை நடுக்கோட்டுலதான் தூக்குறாங்க. அந்த ஆள் சரியாத்தான் போட்டிருக்கார்."

நாலு வருடமாக அந்த எழுத்தாளரை என்னிடம் கிழித்துத் தொங்கவிட்டவர் இவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

'கயிறு அறுந்துவிடும்' என்பதை எழுத்து எழுத்தாக அழித்தார். தூளை ஊதித் தள்ளினார். பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. நூலகர் புத்தகத்துக்காகக் கையை நீட்டினார். லிஃப்ட்காரர் கொடுக்கவில்லை. பென்சிலை எடுத்து, நூலகரின் கண் முன்னாலேயே, அதே இடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'கயிறு தாங்கும். பிழை என்னுடையது. மன்னிக்கவும்.'

பிறகு சட்டைப் பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து, அந்தப் பக்கத்தின் மேல் வைத்து, புத்தகத்தை நூலகர் பக்கமாக நகர்த்தினார்.