அம்மன் பாட்டுக் கவருக்குள் ஒட்டுப்பால்

போன மாதம் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடையில் என் அண்ணன் மகளோடு உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தேன். அவள் கைப்பேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, "அத்தை, இவரப் பாருங்களேன். நம்ம பாடாங் செராய் ஆளு. லெஜன்ட் லா" என்றாள். திரையில் நரைத்த குடுமி, காதில் வளையம், கறுப்புச் சட்டை. பேட்டி எடுக்கும் பையன் வரிக்கு வரி 'அண்ணே' போட்டு உருகிக்கொண்டிருந்தான். ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"மொத மொதல்ல பங்க் பாட்ட கோயில் ஸ்பீக்கர்ல போட்டவன் நாந்தான் தம்பி. எஸ்டேட் மெனேஜரு எதுக்க உக்காந்திருக்காரு, நான் போட்டேன். அது ஒரு போராட்டம்."

பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டேன். மைக் செட்டு செல்வம்! எங்கள் ரப்பர் தோட்டத்தில் அடுத்த லயத்துக்காரன், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் அடுத்த வரிசை. நேரில் பார்த்தால் வாயில் 'அண்ணே' என்றுதான் வரும், வளர்ப்பு அப்படி. மனத்துக்குள் அவன் அவன்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, விடு" என்றார். எனக்குப் பழங்கஞ்சி பிடிக்கும். சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கடித்துக்கொண்டு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிப்பேன்.

அந்தப் பாட்டு என்னிடம் எப்படி வந்தது என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்திருந்தேன். தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஒரு தனி வாசனை உண்டு. டீசல், முகப்பவுடர், யாரோ பொட்டலத்தில் கொண்டுவரும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, எல்லாம் சேர்ந்த வாசனை. இன்றைக்கும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால் எனக்குக் காதுக்குள் கிட்டார் கேட்கும். காரணம் ரொஸ்னா. கோலா கெத்திலிலிருந்து வருகிற மலாய்ப் பெண், என் பக்கத்து இருக்கை. ஒரு நாள் அவளுடைய வாக்மேனின் ஒரு பக்கத்து இயர்போனை என் காதில் செருகி, "டெங்கார் லா" என்றாள். கேட்டேன். நான்கு பேர் தகரக் கொட்டகையை இடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. பாடுகிறவனுக்குப் பாட வரவில்லை. ஆனால் அவன் கோபம் எனக்குத் தெரிந்த கோபம். மேலாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டு 'யெஸ் மிஸ்' என்று சொல்லும்போது என் வயிற்றுக்குள் கிடந்ததை இன்னொருவன் வெளியே எடுத்துக் கத்திக்கொண்டிருந்தான்.

அதோடு நான் கெட்டேன், என் அப்பாவின் மொழியில் சொல்வதானால். ரொஸ்னாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கைப் பட்டாணி கேசட் கடைகளைக் குடைவோம். கடைக்காரர் மலைபோல் குவித்து வைத்திருக்கும் சினிமாப் பாட்டுகளுக்கு அடியில், யாருக்கும் வேண்டாத பெட்டியில்தான் நமக்கு வேண்டியது கிடக்கும். அட்டையில் எவ்வளவு கோரமான படம் இருக்கிறதோ அவ்வளவு நல்ல பாட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய காலம். பாதி நேரம் ஏமாந்தோம்.

அப்படி ஒரு ஞாயிறு மதியம், ஒரு கடை மாடியில் கச்சேரி என்று ரொஸ்னா இழுத்துப் போனாள். அங்கேதான் 'ஒட்டுப்பால்' குழுவைப் பார்த்தேன். கூலிம் பக்கத்து மூன்று தமிழ்ப் பையன்கள், டிரம்ஸுக்கு ஒரு மலாய்ப் பையன். ஒட்டுப்பால் என்றால் ரப்பர் மரத்தின் வெட்டுக் கோட்டிலும் கோப்பையிலும் உறைந்து போகும் பால். மூட்டையில் கட்டி வைத்தால் ஊரே மூக்கைப் பொத்தும். என் அம்மாவின் வேலைச் சட்டையில் எத்தனை முறை துவைத்தாலும் போகாத நாற்றம் அது. அந்தப் பேரைத் தைரியமாகத் தூக்கி மேடையில் வைத்திருந்தார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு இன்னும் மோசம், அதாவது இன்னும் அருமை:

தண்ணி வரலே தண்ணி வரலே
கொழாயத் தொறந்தா காத்துதான் வருது
தொரை வூட்டுப் புல்லு மட்டும்
எப்புடிடா பச்சையா இருக்குது?

எங்கள் லயத்திலும் அதே கதைதான். காலையில் கொஞ்ச நேரம் வரும், அப்புறம் குழாய் சீறும். நம்முடைய தண்ணீரை நம்முடைய பேச்சில் யாரும் பாடி அதுவரை நான் கேட்டதில்லை. வீட்டில் தாங்களே பதிந்த கேசட்டைக் கையில் வைத்து விற்றார்கள். ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் கேசட்டின் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லையும் கொண்டை ஊசியால் உடைத்தேன். அதை உடைத்துவிட்டால் யாரும் மேலே வேறெதுவும் பதிய முடியாது. அப்பா கோயில் கமிட்டியில் இருந்தவர், இந்தப் பாட்டைக் கேட்டால் அடுப்பில் போட்டுவிடுவார். வீட்டில் அம்மன் பாட்டுக் கேசட் ஒன்று நாடா சிக்கிச் செத்துப்போயிருந்தது, அதன் கவருக்குள் ஒட்டுப்பாலைக் குடி வைத்தேன்.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் செல்வம். அவனிடம்தான் நல்ல ஆம்ப்ளிபையர் இருந்தது. வாய்விட்டுக் கேட்க ஆசைப்பட்டு நானே கொண்டுபோனேன். தலையை ஆட்டிக் கேட்டான். "தகரத்த தட்டுற மாரி இருக்கு தங்கச்சி. ஆனா நல்லாத்தான்லா இருக்கு" என்றான். பிறகு அவனே கேட்டு வாங்கிப் போய்ப் போட்டிருக்கிறான், பல தடவை.

திருவிழா வந்தது. எங்கள் தோட்டத்தில் திருவிழா என்றால் வீட்டுக்கு வீடு பக்திக் கேசட்டுகளைக் கோயிலுக்குக் கொடுத்தனுப்புவார்கள். நம் வீட்டுக் கேசட் ஸ்பீக்கரில் பாடினால் அது ஒரு பெருமை. நான் பால்குடத்துக்காகக் குளித்துக்கொண்டிருந்தபோது, அம்மா அலமாரியிலிருந்த அம்மன் கவரை எடுத்துச் செல்வத்திடம் கொடுத்துவிட்டாள். அவன் வேலை மும்முரத்தில் கவரை மட்டும் பார்த்தான்.

ஊர்வலம் கோயிலை நெருங்குகிறது. எஸ்டேட் மெனேஜர் துரை மாலையோடு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் மஞ்சள் சேலையில், தலையில் பால்குடத்தோடு நிற்கிறேன். அபிஷேகம் ஆகும்வரை குடத்தைக் கீழே வைக்கக் கூடாது. தென்னை மரத்து ஸ்பீக்கரிலிருந்து, 'தண்ணி வரலே'! ஓடவும் முடியவில்லை, காதைப் பொத்தவும் முடியவில்லை, இரண்டு கையும் குடத்தில். 'தொரை வூட்டுப் புல்லு' வந்தபோது எனக்கு முன்னால் நின்ற பெண் சிரித்த சிரிப்பில் அவள் குடத்துப் பால் தளும்பியது. லயமே சிரித்தது. துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

சிரித்தவர்கள் யாரும் பிறகு வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். தலைவர் கேட்டதும் செல்வம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "எனக்கு ஒன்னுமே தெரியாது தலைவரே. இந்த மாரிப் பாட்ட நான் கேட்டதே இல்ல. இந்தப் பொண்ணுதான் கவர மாத்தி வெச்சி ஏமாத்திருச்சி." நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அம்மனைப் பார்த்தான். என் அப்பா துரையின் பங்களாவுக்குப் போய்த் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு வெகு நாள் என்னோடு பேசவில்லை.

தலைவர் தீர்ப்பு: கேசட்டை அழித்து அம்மன் பாட்டைப் பதிய வேண்டும். உடைந்த பல் இருந்த ஓட்டைகளில் செல்வம் செலோடேப்பை ஒட்டினான். என் கண் முன்னாலேயே சிவப்புப் பொத்தானை அமுக்கினான். இரண்டு பக்கமும். முடித்துக் கையில் கொடுக்கும்போது, "இந்தா, இப்பக் கவரும் பாட்டும் ஒன்னாயிருச்சி" என்றான். கூட்டம் அதற்கும் சிரித்தது.

அதைத்தான் ஐயா பேட்டியில் போராட்டம் என்கிறார்.

அந்தப் பேட்டியைப் பார்த்து இரண்டு வாரம் கழித்து, சுங்கைப் பட்டாணியில் ஒரு காப்பிக் கடை மாடியில் இளைஞர்கள் கச்சேரி, சிறப்பு விருந்தினர் நம்ம செல்வம் என்று அண்ணன் மகள் சொன்னாள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். அதே கதை, அதே போராட்டம், பிள்ளைகள் கை தட்டினார்கள். கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கினேன். "அண்ணே, அந்தப் பாட்ட ரெண்டு வரி பாடுங்களேன்."

"ஐயோ, ரொம்ப வருசமாச்சிம்மா. மறந்துருச்சி" என்று சிரித்தான்.

நான் பாடினேன். என் குரல் தகரக் குரல், அந்தப் பாட்டுக்குப் பொருத்தம். மேடையிலிருந்த பையன் கிட்டாரில் பிடித்துக்கொண்டான். இரண்டாம் முறை 'தண்ணி வரலே' வந்தபோது மாடி முழுக்கக் கத்தியது. செல்வத்தின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. "தங்கச்சி... நீயா?"

"நாந்தான். தெரியாமப் போட்டது நீங்க. தெரியாதுன்னு சொன்னதும் நீங்க. அழிச்சதும் நீங்க. அதையும் சேத்து சொல்லுங்கண்ணே, பிள்ளைங்க கேக்கட்டும்."

பிள்ளைகள் ஒருசேரச் செல்வத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்களிடம் மறைப்பானேன், அந்தப் பார்வை எனக்குத் தேனாக இருந்தது.

அப்போது கிட்டார்ப் பையன் ஆவலாக, "ஆன்ட்டி, அடுத்த வெர்ஸ்?" என்றான். வாயைத் திறந்தேன். வரவில்லை. அதில் ஒரு பெண்ணின் பெயர் வரும், ஒரு வாளி வரும். மிச்சம் இல்லை. அண்ணன் மகள் இணையத்தில் தேடாத இடமில்லை. அந்தக் குழுவை அறிந்தவர்களே கிடைக்கவில்லை. ரொஸ்னா கல்யாணமாகி ஜொகூர் போனதோடு தொடர்பு விட்டது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, லயத்தை இடித்துவிட்டார்கள். அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன், அங்கே இப்போது எல்லா வீட்டிலும் தண்ணீர் வருகிறது. தண்ணீர் வராததைப் பாடிய பாட்டுத்தான் எங்கேயும் இல்லை.

போன வாரம் செல்வம் தொலைபேசியில் கூப்பிட்டான். "வயசாயிருச்சி தங்கச்சி, மனசுல வெச்சிக்காத" என்றான். மன்னித்துவிடு என்று கணவரும் சொல்கிறார், அண்ணன் மகளும் சொல்கிறாள். செய்யலாம். இரண்டாம் சரணத்தை முழுசாகக் கொண்டுவரட்டும், யோசிக்கிறேன்.