சாயம் போன பதினொரு சட்டைகள்

செயலாளரே, ஆண்டு மலரில் நீங்கள் எழுதியது பொய். நம் கால்பந்துக் கழகத்தின் முதல் சட்டைகள் மதுரையில் வாங்கியவை அல்ல.

இன்று காலை புதுச் சேலையை வாளியில் முக்கினேன். தண்ணீர் சிவந்து சாய வாசம் எழுந்தது. துணி கிடைக்காத உலக யுத்த காலத்தில் அருப்புக்கோட்டை வீட்டில் என் அம்மா தறியில் துணி நெய்து, தைத்து, தானே சாயம் முக்கிய பதினொரு சட்டைகளிலும் அதே வாசம்தான்.

சாயம் சரியாகப் பிடிப்பதற்குள் பந்தய நாள் வந்துவிட்டது. பக்கத்துப் பரளச்சி ஊரில், வற்றிய கண்மாய்க்குள் ஆட்டம். வேர்வையில் சாயம் இறங்கி நம் ஆட்கள் எல்லாருடைய உடம்பும் சிவந்துபோனது.

"என்னலே, கோழி அறுத்துட்டா வாரீக?" என்று எதிரணி சிரித்தது.

கோல் காத்த என் மாமா, "எங்க அக்கா நெய்ஞ்சது. ஒட்டுனா விடாது," என்றார்.

ஜெயித்து வந்த மாமா மூன்று நாள் குளிக்கவில்லை. அம்மாதான் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள்.

அவள் பெயரை ஏன் விட்டீர்கள்? அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.