பொடுகுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

மகளின் பொடுகுக்கு வெந்தயமும் புளித்த தயிரும் அரைக்கையில் எழும் கசப்பு வாசனை, என்னைத் திருவொற்றியூரில் இருந்த எங்கள் பழைய லைன் வீட்டு அடிபம்புக்கே கொண்டுபோய்விடும். இன்று அங்கே பம்பும் இல்லை, வீடுகளும் இல்லை. ஞாயிறுதோறும் அம்மா அந்த விழுதை என் தலையில் அப்பி, பம்பின் உப்புத் தண்ணீரில் அலசுவாள்; அரிப்புதான் கூடும். மொட்டை போட்டுவிடலாம் என்று அவள் முடிவெடுத்த அன்று, பக்கத்து வீட்டு ஷகிலா அக்கா தன் லாரித் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள்.

"உப்புத் தண்ணில அலசிகினு வெந்தயத்த திட்டுறியேக்கா!"

"குடிக்கிற தண்ணிடி அது!" என்று அம்மா பதறினாள்.

"கெடக்குது வுடு," என்று முழுக் குடத்தையும் என் தலையில் கவிழ்த்தாள். நாலு ஞாயிறு அப்படி ஊற்றியதில் அரிப்பு அடங்கியது, முடியும் தப்பியது.

இன்றும் அடித்துச் சொல்வேன்: வெந்தயம், தயிர், கடைசியில் நல்ல தண்ணீர். அந்த ஞாயிறுகளில் ஷகிலா அக்கா வீட்டு டீதான் உப்புக் கரித்தது.